கிணற்றுப் படத்தை ஏன் கடைசியில் போட்டேன்

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன், கடைசிப் பிள்ளையைப் புருஷன் துணை இல்லாமல். ஒருத்தர் வீட்டு வாசலில் போய் ஒரு கை உப்புக்கு நின்றது கிடையாது. பொய் பேசினது கிடையாது என்றும் இந்தத் தொடரில் மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும். கடைசி மகன் சங்கரனின் மகள் நிவேதா அதைப் பிழை திருத்தி, நல்ல எழுத்தில் எழுதி, எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவாள். இந்த வாரம் மட்டும் அவளுக்குக் காட்டாமல் எழுதுகிறேன். நோட்டு அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தச்சநல்லூர் வீட்டில் சொதி வைத்திருந்தோம். சங்கரன் இரண்டாம் தடவை சோறு வாங்கி, இஞ்சித் துவையலைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐவர் பாட்டுக் குழுவுடைய ஏழு ஆல்பத்தையும் வரிசைப்படுத்தி முடித்தாயிற்று, இந்த வாரம் பத்திரிகைக்குப் போகிறது என்று சொன்னேன்.

நிவேதா கை தட்டினாள். கடைசியிலிருந்து சொல்லுங்க ஆச்சி, அப்பதான் ருசி என்றாள்.

கடைசி, அட்டையில் கிணறு போட்டிருக்கிற கிணற்றுப் படம் என்றேன்.

சங்கரனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா அதப் போயி கடைசில போட்ட?"

"எனக்குப் பிடிக்கல."

"முழுசாக் கேட்டியா?"

"கேட்டேன்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவுகிற சத்தம் கேட்டது. நான் ஆறாவது, ஐந்தாவது என்று சொல்லிக்கொண்டே போனேன். சொன்னது எனக்கே காதில் விழவில்லை.

கிணற்றுப் படத்தை நான் முழுசாகக் கேட்டதில்லை. முதல் பாட்டில் பாதிகூடக் கேட்டதில்லை. கேட்காத ஒன்றுக்கு இடம் போட்டுக் கொடுத்தவள் நான். அது சின்ன வெட்கம். பெரிய வெட்கம் வேறு இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

கண்ணைக் கட்டிய நாட்கள்

ஐவர் யார் என்று புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வெள்ளைக்காரர்கள் சேர்ந்த ஒரு பாட்டுக் குழு. அவர்கள் வைத்துக்கொண்ட இங்கிலீஷ் பெயர் என் வாயில் உட்காராது. அதனால் வீட்டில் ஐவர் என்போம். அவர்கள் வாசிப்பதற்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்று நிவேதா சொன்னாள். ஒரு பாட்டு தொடங்கினால் உலை வைத்துச் சோறு வடிக்கும் வரைக்கும் ஓடும் என்பதுதான் எனக்குப் பட்ட அர்த்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு டிவி கூடாது, குனியக் கூடாது, அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமி பாட்டு எத்தனை தடவைதான் கேட்பது. ஒரு நாள் நான் எரிச்சல்பட்டுக் கத்தினேன். நிவேதா தன் ஸ்பீக்கரை என் தலைமாட்டில் வைத்து, காலேஜ் சிநேகிதி ஒருத்தி அனுப்பியது என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

அவள் குளித்து வந்தாள். பாட்டு முடியவில்லை. தலை துவட்டினாள். முடியவில்லை. நிறுத்தவா ஆச்சி என்று கேட்டாள். வேண்டாம், கிடக்கட்டும், எங்கேதான் போகிறான் என்று பார்ப்போம் என்றேன்.

என்னைப் பிடித்துப் போட்டது தாளம். முருங்கைக்கீரை உருவும்போது கை தானாகத் தட்டுமே, அப்படித் தட்டிக்கொண்டே வந்தேன். ஆறு, ஏழு என்று எண்ணி எட்டாவதுக்குக் கையை ஓங்கினால் எட்டாவது இல்லை. அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. திரும்பவும் எண்ணினேன். திரும்பவும் ஏமாந்தேன். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நையாண்டி மேளக்காரர்கள் இப்படித்தான் ஆடுகிறவர்களைக் காலிடற வைத்துச் சிரிப்பார்கள். அவன் ஏழு தட்டுக்கு வாசிக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. யாரும் சொல்லித்தரவில்லை. அதில் எனக்கு இருந்த பெருமை இன்னும் போகவில்லை.

அன்றைக்கிலிருந்து தினமும் ஐவர்தான். ஆல்பங்களின் பெயர் தெரியாது. அட்டையில் இருக்கிற படத்தை வைத்துச் சொல்லுவேன். நாற்காலிப் படம், பூட்டுப் படம், குதிரைப் படம்.

ஒரு சாயங்காலம் சங்கரன் பட்டறையிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் மோட்டார் காயில் கட்டுகிறவன். கையெல்லாம் வார்னிஷ். இது எங்கன கெடச்சுது என்று கேட்டான். உங்களுக்குத் தெரியுமாப்பா என்று நிவேதா துள்ளினாள். தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஒரு ஆறு மாதம் கழித்து, அதுவரை போடாத ஆல்பங்களையும் சேர்த்து ஏழு அட்டைகளையும் செல்போனில் வரிசையாகக் காட்டினாள் நிவேதா. நாலாவது வந்தது. பாசி பிடித்த வட்டக் கிணறு. மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி எடுத்த படம். தண்ணீரில் ஒரு முகம், ஆணா பெண்ணா தெரியாது.

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கிணற்றுப் படம் ஓடத் தொடங்கினால் எனக்குத் தலைவலி வந்துவிடும். வேறு போடு என்பேன்.

வரிசை

முதலிடம் நாற்காலிப் படத்துக்கு. வெறும் மணலில் ஒரு நாற்காலி கிடக்கும். ஏழு தட்டுப் பாட்டு அதில்தான். புல்லாங்குழல் ஒன்று நடுவில் வந்து, யாரையும் கேட்காமல் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போகும்.

இரண்டாவது பூட்டுப் படம். அவர்கள் கடைசியாகப் போட்டது. பாடுகிறவருக்குக் குரல் கம்மிப்போயிருக்கிறது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல், பக்கத்தில் நின்று சமாளிக்கிறார். நிவேதா அதை ஐந்தாவதுக்குத் தள்ளுவாள். அவளுக்கு இருபது வயது. ஏற முடியாத இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

மலைப் படம் அவர்களுடைய முதலாவது. ஐந்து பேரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி வாசிக்கிறார்கள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கும், மூன்றாவது. அப்புறம் குதிரை, அப்புறம் படகு. கண்ணாடிப் படம் ஆறாவது. கிடார்க்காரர் கோபித்துக்கொண்டு போன பிறகு போட்டது. புதிதாக வந்தவர் கல்யாண மண்டபத்தில் வாசிப்பதுபோல் வாசிக்கிறார். எல்லாப் பாட்டும் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நாலு நிமிஷப் பாட்டுக்கு நான் எதற்கு ஐவரிடம் வர வேண்டும்.

இதெல்லாம் பத்திரிகையில் வந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் கேட்கிறவளுக்கு என்ன வரிசை வேண்டிக்கிடக்கிறது என்று முப்பது வருஷமாகக் கேட்கிறவர்கள் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன் என்று திமிராகக்கூட ஒரு வரி எழுதியிருந்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிற ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது.

மேலப்பாளையத்திலிருந்து

வாசகர் கடிதங்களைப் பத்திரிகைக்காரர்கள் மொத்தமாகக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். நிவேதா ஒவ்வொன்றாக உறை பிரித்து வாசிப்பாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பேன். அந்தக் கடிதத்தை அவள் வாசித்தபடியே சொல்கிறேன்.

"அம்மாவுக்கு காஜா மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். என்னை ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. உங்கள் வீட்டில் நான் குடித்த மோருக்குக் கணக்கில்லை. துபாயில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு, இப்போது மேலப்பாளையத்தில் இருக்கிறேன். கிணற்றுப் படம், நாற்காலிப் படம் என்று படித்ததுமே எந்தக் குழு என்று தெரிந்துவிட்டது. ஒரு நாள் நீங்களே கேட்பீர்கள் என்று அன்றைக்கு நான் சொன்னேன் அல்லவா. ரொம்பச் சந்தோஷம். ஆனால் கிணற்றுப் படத்தைக் கடைசியில் போட்டுவிட்டீர்களே அம்மா. அது சங்கரனுக்கு உயிர். இரண்டாம் பக்கத்தை அவன் வாயாலேயே வாசித்துக் காட்டுவான். அந்தக் கேசட்டுகளை அவன் எங்கே வைத்திருந்தாலும் பத்திரமாக இருக்கட்டும். நீயே வைத்துக்கொள் என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எங்கள் பேச்சு நின்றிருக்காது. சின்ன வயது, ரோஷம். தப்பு என்மேல்தான். அவனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்."

நிவேதா முடித்துவிட்டு, யார் ஆச்சி இது, அப்பாவுக்கு ஃபிரெண்டா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பாவிடம் காட்டட்டுமா என்றாள். நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

பத்து நாளாயிற்று. அந்தக் கடிதமும் அரிசி வாளிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மஞ்சள் பை

நாங்கள் அப்போது கல்லிடைக்குறிச்சியில் இருந்தோம். காஜா பத்தமடையிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வருவான். அவனும் சங்கரனும் ஒரே பெஞ்சு. ஒல்லியாக, கழுத்து நீண்டு, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பையன். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து, மோர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான்.

அவன் மாமா ஒருத்தர் துபாயில் இருந்தார். லீவில் வந்தபோது ஐவருடைய ஐந்து கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ரெண்டு பேரும் வச்சுக் கேளுங்கடே என்று இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார். காஜா வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் வில்லுப்பாட்டுக் கேட்பதற்காக வாங்கியது. அதனால் ஐந்தும் எங்கள் வீட்டில், ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில், ஆணியில் தொங்கின.

இரண்டு பேரும் டேப் ரெக்கார்டருக்கு இரண்டு பக்கமும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பேச மாட்டார்கள். ஏதோ ஒரு இடம் வந்ததும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அடுப்படியில் வேலை ஓடாது. யாரு செத்துப்போனாம்னு இந்த இழுப்பு இழுக்கான் என்று கத்துவேன்.

"ம்மா, ஒரு நாள் நீங்களே போடச் சொல்லிக் கேப்பீங்க, பாருங்க" என்பான் காஜா.

எனக்கு வேற சோலி இல்லையாக்கும் என்பேன்.

பிசானம் பால் பிடிக்கிற நேரம்

என் வீட்டுக்காரர், அவுக போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவன் பம்பாயில். பெண்கள் இருவரும் கட்டிக்கொடுத்த வீட்டில். வயலை நான்தான் பார்த்தேன். பொம்பளை என்ன வெள்ளாமை எடுத்துக் கிழிக்கப் போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே விடியுமுன்னே வரப்பில் போய் நிற்பேன்.

அந்த வருஷம் பிசான நெல்லில் கதிர் நன்றாக வந்திருந்தது. பால் பிடிக்கிற நேரம் குருவியும் கிளியும் கூட்டமாக இறங்கின. பிதுக்கி உறிஞ்சிவிட்டுப் பதராக விட்டுவிட்டுப் போய்விடும். தகரம் தட்டினேன், துணி கட்டினேன். நாலு நாளில் அதுகளுக்குப் பழகிவிட்டது. பக்கத்து வயல் பரமசிவ அண்ணாச்சி வயலில் மட்டும் ஒரு பறவை இறங்கவில்லை. அவர் கம்பு நட்டு, பழைய கேசட்டிலிருந்து டேப்பை உருவிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார். வெயிலில் மின்னும். காற்றடித்தால் ஊங்... என்று ஒரு சத்தம் போடும். அதற்குப் பயந்து பறவை வராது.

வீட்டுல பழைய கேசட்டு கெடந்தா உருவிக் கெட்டு தாயி என்றார் அண்ணாச்சி.

வீட்டில் கிடந்தது. அவுகளுடைய வில்லுப்பாட்டுக் கேசட்டு பதினைந்து இருபது டிரங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். அவுக கையெழுத்தில் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது. மூடிவிட்டேன்.

ஆணியில் மஞ்சள் பை தொங்கியது.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகப் போகும். சங்கரனுக்குப் பிளஸ் டூ. அரைப் பரீட்சையில் கணக்கில் போய்விட்டான். எல்லாம் இந்த இழுவைப் பாட்டால் வந்த வினை என்று எனக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. ஒரு கல்லில் இரண்டு வேலை முடிகிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்கூட ஞாபகம் இருக்கிறது.

வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினேன். கல்லால் தட்டி உடைத்தால் சக்கரம் வெளியே வந்துவிடும். நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், சரசரவென்று வந்துகொண்டேயிருக்கும். வேலம்பிசின் மாதிரி ஒரு நிறம். கை எல்லாம் வழுவழுப்பு. ஒரு கேசட்டுக்குள் இவ்வளவு நீளமா என்று ஆச்சரியமாக இருந்தது. வயல் முழுக்கக் கட்டியும் மிச்சம் இருந்தது. உடைந்த கூடுகளை வாய்க்காலில் விட்டேன். மூழ்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. அட்டைப் படங்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். கடைசியாக அடுப்புக்குப் போனது கிணற்றுப் படம். அதை மட்டும் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒரே ஒரு சொல்

சாயங்காலம் டியூஷன் விட்டு வந்த சங்கரன் ஆணியைப் பார்த்தான்.

"ம்மா, பைய எங்க?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் முகம் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது. அப்பன் செத்த அன்றைக்குப் பார்த்த முகம். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் காஜா வந்திருந்தான். அது நிஜம். சங்கரனைத் தேடி வந்து, வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

"காலைல காஜா வந்தாம்லே" என்றேன்.

"போறப்போ அவம் கையில பை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்தான் என் பொய். மற்றதெல்லாம் நடந்தது.

ஏன் காஜா பெயர் என் வாயில் அவ்வளவு லேசாக வந்தது என்று இத்தனை வருஷம் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். எங்கள் தெருப் பையன் ஒருத்தன் பெயரைச் சொல்லியிருந்தால், மறுநாள் விடிந்ததும் அவன் அம்மா கூந்தலை முடிந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றிருப்பாள். பத்தமடையிலிருந்து காஜாவின் அம்மா பஸ் ஏறி வரமாட்டாள். வந்தாலும் எங்கள் தெருவில் நின்று சத்தம் போடமாட்டாள். அவளுக்காக ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடியில் என் மனசு போட்டுவிட்டது. மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தது.

வாசற்படியில்

பள்ளிக்கூடத்தில் சங்கரன் அவனிடம் பையைக் கேட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்துக் காஜா வீட்டுக்கே வந்தான். சிரிப்பு இல்லை. சங்கரன் நடையில் நின்றான். காஜா என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"ம்மா, நீங்க சொல்லுங்க. எங்கையில பை இருந்துச்சாம்மா?"

இல்லை என்று சொல்ல இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. யாருக்கும் அப்படி இரண்டாம் தடவை கிடைக்காது.

"எனக்கென்னப்பா தெரியும். நான் அடுப்படியில கெடந்தேன்" என்றேன்.

அம்மா முகத்தாட்சண்யத்துக்காக மறைக்கிறாள் என்று சங்கரன் நினைத்துக்கொண்டான். சங்கரனே ஒளித்துவைத்துக்கொண்டு தன்மேல் பழி போடுகிறான் என்று காஜா நினைத்துக்கொண்டான். ஒரே பதில், இரண்டு பேருக்கும் தோதாகப் போய்விட்டது. மோர் வேணுமாப்பா என்று நான் கேட்டேன். கேட்டேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. வேண்டாம்மா என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அறுப்பு வரைக்கும் சங்கரன் தினமும் அந்த வயலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனான், வந்தான். டேப் தலைக்கு மேலே மின்னிக்கொண்டு, ஊங்... என்று கத்திக்கொண்டிருந்தது. அவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னுடைய பாட்டைத் தேடிக்கொண்டே அவன் அதற்கு அடியில் நடந்து போனான். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல் நன்றாக விளைந்தது. சங்கரன் கணக்கில் பாஸ் ஆனான். பாட்டை நிறுத்தினேன், பையன் தேறிவிட்டான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாவது

கடிதம் வந்த மறுநாள், நிவேதா காலேஜுக்கும் சங்கரன் பட்டறைக்கும் போன பிறகு, அவள் பழைய செல்போனை எடுத்துக் கிணற்றுப் படத்தை நானே தொட்டுப் போட்டேன். காதில் குழாயை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டேன். இடையில் பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கேசட்டில் இரண்டாம் பக்கமாக இருந்த பிற்பாதி ஒரு முனகலில்தான் தொடங்குகிறது. ஒரே சுருதி, ரொம்ப நேரம், அடியில் ஒன்றும் இல்லாமல். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், நிற்காது. நான் வயலில் கேட்டது காற்று, பாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அவ்வளவு மக்கு இல்லை நான். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் கிடார் வந்தது. அப்புறம் புல்லாங்குழல். ஓரிடத்தில் எல்லாம் நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதி. பிறகு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள். இந்த இடத்தில்தான் அந்த இரண்டு பையன்களும் தலையைத் தூக்கி ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. நானும் தலையைத் தூக்கினேன். எதிரே சுவர்தான் இருந்தது.

சங்கரனிடம் சொல்ல மூன்று தடவை பட்டறைக்குப் போனேன். பட்டறை வீட்டுக்கு முன்பக்கம்தான், பத்து எட்டுகூட இருக்காது. முதல் தடவை ஆள் இருந்தார்கள். இரண்டாம் தடவை கரண்டு இல்லை, அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை டீ கொண்டுபோனேன். அவன் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல், அவனாகவே பேசினான்.

"கிணத்துப் படத்தக் கடைசில போட்டது ஒண்ணும் இல்லம்மா. எனக்கே அதக் கேக்க முடியல. நிவேதா போட்டா வெளிய போயிருதேன். காஜா நெனப்பு வந்துருது. நல்ல பயம்மா அவன். அஞ்சு கேசட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாயில் வரவில்லை. நாலு பிள்ளை வளர்த்து, ஊர் வாயை அடைத்து, பத்திரிகையில் தொடர் எழுதுகிறவளுக்கு வாயில் வரவில்லை. எழுத வருகிறது. அதனால் எழுதினேன். ஐந்து பகல் ஆயிற்று.

வரிசையைத் திருத்திக்கொள்ளுங்கள். கிணற்றுப் படத்தை அதிலிருந்து எடுத்துவிட்டேன். முதலாவது, கடைசி என்று அதற்கு இடம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. மற்ற ஆறும் அப்படியே இருக்கட்டும், அதில் ஒருத்தருக்கும் நான் துரோகம் செய்யவில்லை.

காஜா, நீ இதைப் பத்திரிகையில் படிப்பாய். உன் கையில் பை இல்லை. அன்றைக்கு நீ சொம்பை வலது கையில் வாங்கி, இடது கையைக் கதவு நிலையில் ஊன்றித் தண்ணீர் குடித்தாய். இரண்டு கையையும் நான் பார்த்தேன். உன் கடிதத்தில் தப்பு உன்மேல் என்று எழுதியிருந்தாய். அந்த வரியையும் அடித்துவிடு.

ஆனால் அச்சில் வருமுன்னே இதைக் கேட்க வேண்டியவன் இந்த வீட்டில் இருக்கிறான். நாளைக்குக் காலையில் இது தபாலுக்குப் போயாக வேண்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சங்கரன் கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். நிவேதா எப்போதும் என் காதோரம் உட்கார்ந்து மெதுவாகத்தான் வாசிப்பாள்.

ஏட்டி நிவேதா, இங்கன வா. அரிசி வாளிக்குப் பின்னால நோட்டு இருக்கு, எடு. அதோட ஒரு கடுதாசியும் இருக்கும், அத ஒங்கப்பா கையில குடு. பாட்ட நிறுத்திட்டு உக்காரு. எழுபத்தாறு வயசுன்னு தொடங்குதுல்லா, அதுலேருந்து வாசி. நடுவுல நிறுத்தி என் மூஞ்சியப் பாக்காத. மெதுவா வேண்டாம், சத்தமா வாசி. அவம் எந்திச்சு வெளிய போனாலும், வாசல் வரைக்கும் கேக்குற மாதிரி வாசி.